ஐ.நா. குற்றவியல் நீதி மாநாட்டுக்குச் செல்ல விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

சிறைத்துறை, நன்னடத்தைத் துறை அலுவலர்களுக்கு நான் அவ்வப்போது வகுப்பெடுப்பது வழக்கம். 2015ஆம் ஆண்டு தோஹாவில் நடந்த மாநாட்டுக்குப் போய்வந்தேன் என்பது எப்படியோ தெரிந்துவிட்டபின், தேநீர் இடைவேளைகளில் பாடத்தைவிட அந்த மாநாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பிறகு வழக்கறிஞர்களும் தொண்டு நிறுவனத்தாரும் குற்றவியல் மாணவர்களும் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார்கள். ஒரே பதிலைப் பலமுறை சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

இது என்ன மாநாடு, சார்? இன்டர்போல் கூட்டம் என்கிறார்களே, அதுதானா?

இல்லை. இதன் முழுப்பெயர் ஐக்கிய நாடுகள் குற்றத்தடுப்பு மற்றும் குற்றவியல் நீதி மாநாடு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டில் கூடுகிறது. நீதி அமைச்சர்கள், காவல்துறைத் தலைவர்கள், சிறைத்துறைத் தலைவர்கள், தலைமை வழக்கறிஞர்கள், நீதிபதிகள், பேராசிரியர்கள், தொண்டு நிறுவனங்கள் என எல்லாத் தரப்பினரும் ஒரே கூரையின்கீழ் அமர்வது இங்கேதான். வியன்னாவில் உள்ள ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் இதன் செயலகமாக இருந்து எல்லா ஏற்பாடுகளையும் கவனிக்கிறது.

இன்டர்போலின் பொதுச்சபை வேறு; அது காவல் அமைப்புகளுக்கு மட்டுமானது. 2022 அக்டோபரில் புதுடெல்லியில் நடந்தது அதுதான். நம் நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் காவல்துறைத் தலைவர்கள் மாநாடும் வேறு. அதற்கு அழைப்பின்றி யாரும் நுழைய முடியாது.

எப்போது தொடங்கியது? அடுத்தது எங்கே?

வேர் 1872இல் லண்டனில் கூடிய சிறைச் சீர்திருத்த மாநாட்டில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து வந்த பன்னாட்டுச் சிறைத்துறை ஆணையத்தின் பணிகளை 1950 டிசம்பரில் ஐ.நா. தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஐ.நா.வின் பெயரில் நடந்த முதல் மாநாடு 1955இல் ஜெனீவாவில். பிறகு லண்டன், ஸ்டாக்ஹோம், கியோட்டோ, மீண்டும் ஜெனீவா, கராகஸ், மிலான், ஹவானா, கெய்ரோ, வியன்னா, பாங்காக், சால்வடார், தோஹா, மீண்டும் கியோட்டோ என்று 14 மாநாடுகளின் வரிசை போகிறது.

15ஆவது மாநாட்டுக்கு 2026 ஏப்ரலும் அபுதாபியும் குறிக்கப்பட்டன. தேதி விஷயத்தில் செயலகத்தின் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள். 2020 ஏப்ரலில் நடக்கவேண்டிய கியோட்டோ மாநாடு கொரோனாவால் தள்ளிப்போய் 2021 மார்ச்சில்தான் நடந்தது. முன்கூட்டியே விமானச்சீட்டு எடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடும் சாதாரண வழக்கறிஞர். என்னை உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். உள்ளே போக மூன்று வாசல்கள் உண்டு. அரசுப் பிரதிநிதிக் குழுவில் ஒருவராகச் செல்வது முதலாவது. அதற்கு மத்திய அரசு உங்கள் பெயரைச் சேர்க்கவேண்டும். ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி பெற்ற தொண்டு நிறுவனத்தின் சார்பில் செல்வது இரண்டாவது. மூன்றாவது வாசலைத்தான் பலர் அறிவதில்லை: இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் தனிநபர் வல்லுநர்களாகத் தம் சொந்தப் பெயரிலேயே பார்வையாளராகப் பங்கேற்கலாம். நான் போனதும் அந்த வழியில்தான்.

வல்லுநர் என்றால் முனைவர் பட்டம் வேண்டுமா? மாணவர்கள் போக முடியாதா?

பட்டத்தைவிட உங்கள் வேலைதான் பேசும். தற்குறிப்பைச் செயலகத்துக்கு அனுப்பி ஒப்புதல் பெறவேண்டும். அதில் பலர் தங்கள் பதவிகளின் பட்டியலை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். “22 ஆண்டுகள் நன்னடத்தை அலுவலர்” என்பதோடு நின்றுவிடாமல், இளம் குற்றவாளிகளை எப்படிக் கண்காணித்தீர்கள், எந்த நடைமுறையை மாற்றினீர்கள் என்பதை நான்கு வரிகளில் எழுதுங்கள்.

மாணவர்களுக்கு இந்த வாசல் சற்றுக் குறுகலானது. ஆனால் மாநாட்டையொட்டி நடத்தும் நாடு இளைஞர்களுக்கெனத் தனி மன்றம் கூட்டும் வழக்கம் வந்திருக்கிறது. கியோட்டோவில் அப்படி நடந்தது. உங்கள் துறைத்தலைவரின் வழியாக அதற்கு முயலுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

பதிவுக் கட்டணம் கிடையாது. இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஏனெனில் தனியார் சங்கங்கள் நடத்தும் பன்னாட்டு மாநாடுகள் பலவற்றில் நுழைவுக்கே பெரிய தொகை கேட்பார்கள். பணம் கேட்டு, ஐ.நா. முத்திரையோடு மின்னஞ்சல் வந்தால் அது மோசடி என்றே கொள்ளுங்கள். குற்றவியல் நீதி வல்லுநர் ஒருவரே குற்றத்துக்கு இரையாவது அழகல்ல.

விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் உங்கள் பொறுப்பு. மாநாட்டு விடுதிகள் என்று பரிந்துரைக்கப்படுபவை அமைச்சர்களின் வசதிக்கானவை. சற்றுத் தள்ளி அறை எடுத்தால் செலவு பாதியாகக் குறையும். வளைகுடா நாடுகளில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைப்பது எளிது என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

நான் சிறைத்துறை அலுவலர். தனிப்பட்ட முறையில் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாலும் அனுமதி வேண்டுமா?

வேண்டும். விடுப்பு அனுமதி ஒன்று, வெளிநாடு செல்லத் துறையின் தடையின்மைச் சான்று மற்றொன்று. அரசு சார்பில் செல்வோருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் ஒப்புதலும் தேவை. கோப்பு மாவட்டத்திலிருந்து தலைமையகத்துக்கும், அங்கிருந்து உள்துறைச் செயலகத்துக்கும் போய்த் திரும்பவேண்டும் என்பதை நினைவில் வைத்து, குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலரின் அனுமதி ஆணை மாநாடு முடிந்த மறுவாரம் கைக்கு வந்தது. “பயணம் இனிதே அமையட்டும்” என்று மேலதிகாரி அதில் பச்சை மையில் எழுதியிருந்தாராம்.

தங்கும் செலவை ஒரு வெளிநாட்டு அமைப்பு ஏற்பதாகச் சொல்கிறது. பெற்றுக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியில்தான் நல்ல அதிகாரிகள்கூட இடறுகிறார்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் 6ஆவது பிரிவின்படி, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள், அரசியல் கட்சிப் பொறுப்பாளர்கள், நீதிபதிகள், அரசு ஊழியர்கள், அரசு நிறுவன ஊழியர்கள் ஆகியோர் வெளிநாட்டில் இருக்கும்போது வெளிநாட்டு உபசரிப்பை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பயணச்செலவு, இலவசத் தங்கல், உணவு, வாகனம் ஆகியவை அனைத்தும் உபசரிப்பில் அடங்கும். தேநீர் கொடுத்தால் குடிக்கலாம். தற்செயலான உபசாரத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஐ.நா.வும் அதன் சிறப்பு அமைப்புகளும் இச்சட்டத்தின்கீழ் “வெளிநாட்டு மூலம்” ஆகா. ஆகவே ஐ.நா.வே செலவை ஏற்றால் இந்தப் பிரிவு தடையாக நிற்காது. ஆனால் மாநாட்டை நடத்தும் நாட்டு அரசோ, ஐரோப்பியத் தொண்டு நிறுவனமோ விடுதிக் கட்டணத்தைச் செலுத்தினால் பிரிவு பொருந்தும். ஐ.நா. மாநாடுதானே என்று எண்ணி, பணம் யாரிடமிருந்து வருகிறது என்று பாராமல் விட்டுவிடுவதுதான் நான் கண்ட பொதுவான தவறு. முந்தைய பதிலில் சொன்ன துறை அனுமதி இருந்தாலும் இது தனியாக வேண்டும்.

தனியார் வழக்கறிஞருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அரசு வழக்கறிஞராகப் பொறுப்பில் இருப்பவர் எழுத்தில் விளக்கம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆங்கிலம் அவ்வளவு சரளமாக வராது. தமிழில் பேசினால் மொழிபெயர்ப்பார்களா?

அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் ஆகிய ஆறு மொழிகளில் மட்டுமே முழு அமர்வுகளில் உடனடி மொழிபெயர்ப்பு நடக்கும். வேறு மொழியில் பேச விரும்புபவர், அந்த ஆறில் ஒன்றுக்கு மாற்றிச்சொல்லும் ஆளைத் தாமே ஏற்பாடு செய்யவேண்டும் என்பது விதி. எனவே தமிழில் பேசத் தடை இல்லை, செலவுதான் தடை.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அந்த அவையில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. உரையை எழுதி, அச்சிட்ட படியை மொழிபெயர்ப்பாளர்களின் அறைக்கு முன்னதாகவே கொடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். வேகமாகப் படிப்பவரின் உரைதான் மற்ற ஐந்து மொழிகளிலும் சிதைந்துபோகிறது.

போவதற்கு முன் எதைப் படித்துவிட்டுப் போகவேண்டும்?

மாநாட்டுக்கு ஓராண்டுக்கும் முன்பே செயலகம் ஒரு விவாத வழிகாட்டியை வெளியிடும். உலகின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனியாகத் தயாரிப்புக் கூட்டங்கள் நடந்து, அவற்றின் அறிக்கைகளும் வெளிவரும். வழிகாட்டியையும் ஆசிய பசிபிக் வட்டார அறிக்கையையும் படித்தால் போதும்; மாநாட்டில் பேசப்படப்போவதில் முக்கால்வாசி அவற்றுக்குள் இருக்கும்.

ஆவணங்களின் தலையில் உள்ள குறியீட்டைப் பார்த்து மிரளவேண்டாம். தோஹா மாநாட்டின் ஆவணங்கள் எல்லாம் “ஏ/கான்ஃப்.222” என்று தொடங்கும், கியோட்டோவுக்கு 234. அதற்குப் பின் ‘எல்’ என்ற எழுத்து வந்தால் அது இன்னும் முடிவாகாத வரைவு. நம் அலுவலகக் கோப்பின் ந.க. எண்ணைப் போன்றதுதான். ஒருமுறை பிடிபட்டுவிட்டால் எந்தக் காகிதத்தையும் தேடி எடுத்துவிடலாம்.

ஒரே நேரத்தில் பல அறைகளில் கூட்டம் நடக்கும் என்கிறீர்கள். எதற்குப் போவது?

முழு அமர்வில் அமைச்சர்கள் வரிசையாக வந்து தத்தம் நாட்டின் சாதனைகளைப் படிப்பார்கள். அதை ஒரு மணி நேரம் கேட்டால் போதும். பயிலரங்குகளுக்குப் போங்கள், வேலை தெரிந்தவர்கள் அங்கேதான் வருகிறார்கள்.

தோஹாவின் பயிலரங்குகளில் ஒன்று இணையவழிக் குற்றங்களையும் பண்பாட்டுச் செல்வங்களின் கடத்தலையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் பல கோடி ரூபாய்க்கு விற்கப்பட்ட நடராஜர், 2014 செப்டம்பரில்தான் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தார். இடைவேளையில் என் பக்கத்து இருக்கையில் இருந்த இத்தாலியக் காவல் அதிகாரியிடம் அதைச் சொன்னேன். கலைப்பொருள் திருட்டுக்கென்று 1969 முதலே தனிப்பிரிவு வைத்திருக்கும் நாட்டுக்காரர் அவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: “அது உங்கள் கோயிலின் சிலைதான் என்று எப்படி நிரூபித்தீர்கள்?” புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயில் கோயிலாகச் சென்று எடுத்துவைத்திருந்த பழைய புகைப்படங்களைப் பற்றிச் சொன்னதும் பேனாவை எடுத்துவிட்டார். எத்தனை படங்கள், எந்தக் கோணத்தில், யார் பொறுப்பில் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். தேநீர் ஆறிப்போனது. எட்டு நாட்களில் எனக்குக் கிடைத்த மிகச்சிறந்த அமர்வு அந்த இருபது நிமிடங்கள்தான். அது எந்த நிகழ்ச்சி நிரலிலும் இல்லை.

ஆகவே உங்கள் வேலையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை, அதன் எண்களோடும் தோல்விகளோடும், கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் கேட்டுவரப் போகிறவர் எதையும் கொண்டுவருவதில்லை.

முதல் நாளே பிரகடனம் நிறைவேறிவிடுகிறதாமே? அப்புறம் மீதி நாட்களில் என்னதான் செய்கிறார்கள்?

நியாயமான சந்தேகம். தோஹாவிலும் கியோட்டோவிலும் மாநாட்டின் முடிவுகளைச் சொல்லும் பிரகடனம் தொடக்க நாளிலேயே ஏற்கப்பட்டது. அதன் ஒவ்வொரு சொல்லும் மாதக்கணக்கில் வியன்னாவில் பேரம் பேசி முடிக்கப்பட்டது. கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே நிச்சயதார்த்தமும் சீர்வரிசையும் பேசி முடிந்திருப்பதைப் போல.

மீதி நாட்கள் அந்தப் பிரகடனத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதற்கானவை. பயிலரங்குகளும் துணைக் கூட்டங்களும் அதற்காகவே. பிரகடனத்தின் வாசகத்தை மாற்ற விரும்புபவர் மாநாட்டுக்கு வந்து பயனில்லை. ஓராண்டுக்கு முன்பே நம் வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களுக்கு எழுதியிருக்கவேண்டும்.

தனிநபர் வல்லுநருக்கு ஓட்டு உண்டா?

இல்லை. முடிவுகள் அரசுகளுக்குரியவை, அவையும் பெரும்பாலும் கருத்தொற்றுமையால் எடுக்கப்படுகின்றன. பார்வையாளர் பேசலாம், அதுவும் அரசுகள் பேசி முடித்தபின் நேரம் மிஞ்சினால்.

இது ஜனநாயகமில்லை என்று ஒரு மாணவி கோபித்துக்கொண்டார். அவருக்கு 1935ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த பழைய பன்னாட்டுச் சிறைத்துறை ஆணையத்தின் மாநாட்டைச் சொன்னேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர்களே. நாஜி அரசு அந்த மேடையைத் தன் சட்டக் கொள்கையைப் பரப்பப் பயன்படுத்திக்கொண்டது. வருகிறவர்களின் எண்ணிக்கையே முடிவுகளைத் தீர்மானித்தால், மாநாட்டை நடத்தும் நாடு தன் ஆட்களால் மண்டபத்தை நிரப்பிவிட முடியும்.

எங்கள் நிறுவனம் அங்கே சொந்தமாக ஒரு கூட்டம் நடத்த முடியுமா?

முடியும். துணைக் கூட்டம் என்று பெயர். பல மாதங்களுக்கு முன் விண்ணப்பித்தால் அறையும் நேரமும் ஒதுக்குவார்கள். மொழிபெயர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம். மதிய உணவு நேரம் கிடைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று வருந்தாதீர்கள். பத்துப் பேர் வந்தாலும் அந்தப் பத்துப் பேரும் அதே வேலையைச் செய்பவர்களாக இருப்பார்கள்.

பெரிய அதிகாரிகளிடம் போய் எப்படிப் பேசுவது? கூச்சமாக இருக்காதா?

இருக்கும். நான் 200 முகவரி அட்டைகள் அச்சிட்டுக்கொண்டு போனேன். 180 திரும்பி வந்தன. தோஹா மாநாட்டு மண்டபத்தின் உள்ளே ஒரு பிரம்மாண்டமான வெண்கலச் சிலந்தி நிற்கிறது. எல்லோரும் “சிலந்திக்குக் கீழே சந்திப்போம்” என்றுதான் நேரம் குறித்தார்கள். நானும் ஒரு மூலையில் நின்று பார்த்தேன்: எந்த நாட்டுத் தலைமை அதிகாரியும் அங்கே தனியாகக் காத்திருக்கும் ஐந்து நிமிடங்களில் கைப்பேசியைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறார். அப்போது போய்ப் பேசுங்கள். உங்கள் சிறையில் விசாரணைக் கைதிகளின் நேர்காணலுக்கு எத்தனை நிமிடம் தருகிறீர்கள் என்பது போன்ற குறிப்பான கேள்வி கேட்டால், யாரும் முகம் திருப்புவதில்லை.

இன்னொன்று, சால்வை எடுத்துச் செல்லுங்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் மண்டபத்துக்குள் குளிர் எலும்பைத் தொடும்.

நம் நாட்டுக் காவல் மரணங்களைப் பற்றி அங்கே பேசலாமா?

தொண்டு நிறுவனத்தாரும் தனிநபர்களும் பொதுப்பிரச்சினையாகப் பேசத் தடையில்லை, பேசியும் இருக்கிறார்கள். ஆதாரமுள்ள அரசு வெளியீடுகளிலிருந்து எண்களைக் காட்டுங்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அரசு ஊழியராக இருந்தால் நடத்தை விதிகள் விமானத்தில் கூடவே வரும். அரசின் கொள்கையைப் பொதுமேடையில் விமர்சிக்க அவை இடம் தருவதில்லை. அத்தகையவர் தம் சிறையில் தாம் மாற்றிய ஒரு நடைமுறையைச் சொன்னாலே கேட்பவர்களுக்கு மீதி புரிந்துவிடும்.

நேரடியாகக் கேட்கிறேன். இதெல்லாம் வெறும் காகிதம்தானே? எந்தக் கைதிக்காவது பயன் உண்டா?

உண்டு, ஆனால் காலம் பிடிக்கும். 1955இல் ஜெனீவாவில் கூடிய முதல் மாநாடு, கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச நியம விதிகளை ஏற்றது. அவை சட்டமல்ல, யாரையும் கட்டுப்படுத்தாதவை. 24 ஆண்டுகள் கழித்து, திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவர் வார்டரால் (சிறைக் காவலரால்) சித்திரவதை செய்யப்பட்டதை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதினார். கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், அந்த ஐ.நா. விதிகளின் தரத்தை எட்ட அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்ற உத்தரவும் இடம்பெற்றது. ஜெனீவாவில் கைதூக்கியவர்கள் யாரும் திகாரை நினைத்திருக்க மாட்டார்கள்.

அதே விதிகளின் மறுபிறப்பையும் பாருங்கள். 2010இல் சால்வடார் மாநாடு அவற்றைப் புதுப்பிக்க ஆராயும் வல்லுநர் குழுவை அமைக்கக் கேட்டது. குழு பல சுற்றுகள் கூடி, 2015 மார்ச்சில் கேப்டவுனில் வாசகத்தை முடித்தது. அடுத்த மாதம் தோஹாவில் நாங்கள் அமர்ந்திருந்தபோது அந்த வரைவு எங்கும் பேசப்பட்டது. டிசம்பர் 17 அன்று பொதுச்சபை அதை நெல்சன் மண்டேலா விதிகள் என்ற பெயரில் ஏற்றது. ஒருவரைத் தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் தனிமைச் சிறையில் வைப்பதை இவ்விதிகள் தடை செய்கின்றன. 2016இல் இந்தியா வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேடும் இவற்றைக் கருத்தில் கொண்டது.

ஆகவே இதை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டலாமா என்று கேட்கும் வழக்கறிஞர்களுக்கும் பதில் இதுவே: கட்டாயச் சட்டமாக அல்லாமல், உயிர்வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பைப் பொருள்கொள்ளத் துணையாகக் காட்டுங்கள்.

என் தம்பி வளைகுடாவில் சிறையில் இருக்கிறான். அந்த மாநாட்டில் யாரிடமாவது மனு கொடுத்தால் நடக்குமா?

இந்தக் கேள்வியை ஒரு கூட்டம் முடிந்தபின் ஒரு பெண்மணி தயங்கித் தயங்கிக் கேட்டார். நடக்காது அம்மா. அந்த மாநாடு தனிப்பட்ட வழக்குகளை எடுப்பதில்லை. வாசலில் மனு வாங்க யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆனால் வேறு வழி இருக்கிறது. கைதிகள் தாயகம் திரும்பல் சட்டம், 2003இன்கீழ், ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளில் தண்டனை பெற்ற இந்தியர்கள் மீதித் தண்டனையை இந்தியச் சிறையில் கழிக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2011இலும், கத்தாரோடு 2015 மார்ச்சிலும் இதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. தண்டனை இறுதியாகியிருக்கவேண்டும், கைதியும் சம்மதிக்கவேண்டும், இரு அரசுகளும் ஒப்பவேண்டும். முதல் விண்ணப்பத்தை உங்கள் தம்பியே அந்தச் சிறை நிர்வாகத்தின் வழியாகவோ இந்தியத் தூதரகத்தின் வழியாகவோ எழுதிக்கொடுக்கவேண்டும். கடவுச்சீட்டு நகலும், தீர்ப்பின் நகலும், குடும்பம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்ற விவரமும் தயாராக இருக்கட்டும். தீர்ப்பு அரபியில்தான் இருக்கும். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வைத்துவிடுங்கள்.